மாமாவின் பெட்டிக்குள் ஓர் உடும்பு

முழங்காலில் தைலம் தேய்த்தபடியே இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு கேள்வி. நீங்கள் முதன்முதலாகப் பார்த்த படம் எது? எல்லோரும் ஏதாவது ஒரு சாமி படத்தைச் சொல்வீர்கள். பாதிப் பேர் சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும். நான் பார்த்த முதல் படத்தில் சாமியும் கிடையாது, பாட்டும் கிடையாது. பனைமரத்தைவிட உயரமான ஓர் உடும்புதான் இருந்தது. அதையும் கொட்டகைக்குப் போய்ப் பார்க்கவில்லை. முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம், பிரியாணி தின்ற கை வாசனை போவதற்குள் பார்த்தேன்.

படம் மாமாவுடையது. அம்மாவின் அண்ணன் அவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்புகிறவர்களை நம் ஊரில் சொல்தா என்போம். மாமாவும் சொல்தாதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் முன்னறையில் இருந்தார். மற்ற சொல்தாக்கள் மாதிரி இவரும் கடிகாரம், கம்பளி, சென்ட்டு பாட்டில் என்று கொண்டுவந்து இறக்குவார் என்று தெருவே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அவர் இறக்கியது ஒரு சாம்பல் நிறத் தகரப் பெட்டி. திறந்தால் உள்ளே சின்னதாக ஒரு புரொஜெக்டர், பக்கத்தில் பிஸ்கட் டப்பா மாதிரி டப்பாக்களில் படச்சுருள்.

"இதுக்கா இத்தன வருஷம் பனியில நின்ன?" என்று அம்மா கேட்டாள்.

"நீ பாரும்மா முதல்ல. பாத்துட்டு அப்புறம் திட்டு," என்றார் மாமா.

ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினோம். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த வெள்ளை மேசைத்துணியைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினோம். அதில் ஓரமாக ஒரு மஞ்சள் கறை உண்டு, எத்தனை வெளுத்தாலும் போகாதது. உடும்பு எப்போதெல்லாம் அந்தப் பக்கம் தலையைத் திருப்பியதோ, அப்போதெல்லாம் மூக்கில் மஞ்சள் பூசிக்கொண்டது. தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் கூடத்தில் இருந்தோம். எந்திரம் சூடானதும் பல்பின்மேல் படிந்த தூசி கருகும் வாசனை வரும் பாருங்கள், அதை இன்றைக்கு எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்காது. கறுப்பு வெள்ளைப் படம். சத்தம் இல்லை. எந்திரத்தின் கடகடப்பும் மாமாவின் குரலும்தான்.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு தேசத்தில் அணை கட்டுவதற்காக மலையை உடைக்கிறார்கள். மலைக்குள் யுகயுகமாகத் தூங்கிக்கொண்டிருந்த உடும்பு எழுந்துவிடுகிறது. எழுந்தது, போக வழி தெரியாமல் ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. எதிரே ரயில் வருகிறது. ஒரு பெட்டியைத் தூக்கி முகர்ந்து பார்க்கிறது. தின்ன லாயக்கில்லை என்று தெரிந்ததும் கீழே போட்டுவிடுகிறது. கடைசியில் ஓர் ஆற்றுப் பாலத்தின்மேல் அது ஏறி நிற்க, இரண்டு கரையிலிருந்தும் பீரங்கியால் சுடுகிறார்கள். பாலத்திலேயே சாய்ந்து, கொஞ்ச நேரம் கிடந்து, பிறகு ஆற்றில் விழுகிறது. அவ்வளவுதான். நடுநடுவே பிரெஞ்சில் எழுத்து வரும். மாமா படித்துச் சொல்வார். எழுத்தில் இருந்தது கொஞ்சம், மாமா சேர்த்தது மிச்சம்.

"அலே, அலே! வரான் பாரு! புடிச்சிட்டான் பாரு ரயில!" என்று பிரெஞ்சும் தமிழும் கலந்து அவர் கத்துவார். நாங்கள் அதற்கு மேல் கத்துவோம்.

அந்த உடும்பின் நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் அடி வைத்து, யோசித்து, இன்னோர் அடி வைக்கிற நடை. காற்றே இல்லாத இடத்திலும் அதன் தோல் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். பின்னாளில்தான் எனக்கு விவரம் தெரிந்தது. அது ரப்பர் பொம்மை. அதை நகர்த்தியவரின் விரல் பட்ட இடம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அமுங்கும், அமுங்கியது படத்தில் சிலிர்ப்பாகத் தெரியும். குறைதான் அது, மூடி மறைக்க வேண்டிய குறை. ஆனால் அந்தக் குறையால்தான் எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. போன வருஷம் என் மகள் கடலூர் சாலையில் இருக்கும் பெரிய கொட்டகைக்கு என்னை இழுத்துப் போனாள். கம்ப்யூட்டரில் செய்த ஒரு ராட்சத மிருகம் ஊர் ஊராக இடித்துத் தள்ளியது. ஒரு செதில்கூடத் தப்பாக அசையவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் குறட்டை விட்டார். நானும் விட்டதாக மகள் சொல்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் என் தம்பி.

அப்போது அவனுக்குப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயது. படம் முடிந்து நாங்கள் எல்லோரும் கைதட்டினோம், விசிலடித்தோம். போர்வைகளை எடுத்ததும் வெயில் உள்ளே கொட்டியது. தம்பி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு மேசைத்துணியிடம் போய் அதன் ஓரத்தைத் தூக்கிப் பின்னால் பார்த்தான். சுவர்தான் இருந்தது. துணியை விட்டுவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். அன்று சாயங்காலம் அவன் கேக்கைத் தொடவில்லை. ராத்திரிச் சோறும் வேண்டாம் என்றான். மறுநாளும் அதே கதைதான்.

அந்தத் தம்பி இப்போது லாஸ்பேட்டையில் இருக்கிறான். வயிறு முன்னால் போக, ஸ்கூட்டர் பின்னால் போகும். சாப்பாட்டு விஷயத்தில் அவனைக் குறை சொல்ல யாராலும் முடியாது. இந்தக் கதையைச் சொன்னால், "நீயா ஜோடிச்சி எழுதாதக்கா," என்பான். அவன் சொன்னால் சொல்லட்டும், நான் கூடவே இருந்து பார்த்தவள்.

"புள்ள பயந்துட்டான்," என்றாள் அம்மா. அவள் சொன்னதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அத்தனை பெரிய பிசாசைக் காட்டினால் சின்னப் பிள்ளை பயப்படாமல் என்ன செய்யும்? வைத்தியம் ஆரம்பித்தது. எதிர்வீட்டு அத்தை உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை, ஆகவே கண்ணேறு பெரிசு என்றாள். மாதா கோயிலுக்குத் தூக்கிப் போனோம். சாமியார் தலையில் கை வைத்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். தர்காவில் ஒரு பெரியவர் ஓதி ஊதிக் கறுப்புக் கயிறு கட்டினார். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். இத்தனை மதமும் விஞ்ஞானமும் சேர்ந்து அவன் வாயில் இரண்டு வாய் கஞ்சியைத்தான் இறக்க முடிந்தது. நடுவில் காய்ச்சல் வேறு வந்து போனது. அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் நழுவியது. அம்மா அதை முடிச்சுப் போட்டு இறுக்கும்போதெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அப்பா மில்லில் ஷிப்ட் முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "சாப்புட்டானா?" என்றுதான் கேட்பார்.

மாமா தன்னால் ஆனதைச் செய்தார். பாயில் படுத்திருந்த தம்பியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டேய், அது பொம்மைடா. என் முழங்கை அளவுகூட இருக்காது. உள்ள இரும்பு எலும்பு, வெளிய ரப்பர். ஒரு நெல்லளவு நகத்துவாங்க, ஒரு போட்டோ எடுப்பாங்க. திரும்ப ஒரு நெல்லளவு, திரும்ப ஒரு போட்டோ. அத்தனையும் வரிசையா ஓட வுட்டா நடக்குற மாரி தெரியும். இதுக்குப் போயி பயப்படுவியா?"

தம்பி கேட்டுக்கொண்டான். "நெல்லளவு நெல்லளவா நகத்துனா அதுக்கு உசுரு வந்துருமா?" என்றான்.

"வந்துரும். அதான்டா வித்தை."

"பொம்மைன்னா அப்ப ஏன் மாமா அதுக்கு மூச்சு வாங்குச்சு?"

"அது... அப்பிடித்தான் ஆட்டுவாங்க," என்று மாமா எழுந்து போய்விட்டார்.

அவன் சொன்னது உண்மை. அவன் சொன்ன பிறகுதான் எனக்கும் நினைவுக்கு வந்தது. பாலத்தின்மேல் சாய்ந்து கிடக்கும்போது உடும்பின் விலாப்பக்கம் ஏறி இறங்கும். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, பிறகு விட்டு விட்டு. யோசித்துப் பாருங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் எவனோ ஒருவன் அடைத்த அறைக்குள் உட்கார்ந்து, ஒரு ரப்பர் பொம்மையின் விலாவை நெல்லளவு உயர்த்தி, நெல்லளவு தாழ்த்தி, அதற்கு மூச்சு வாங்க வைத்திருக்கிறான். அது இல்லாமலே படம் ஓடியிருக்கும். எங்கள் கூடத்தில் அத்தனை பேர் உட்கார்ந்து பார்த்தோம், அந்த மூச்சைக் கவனித்தவன் என் தம்பி ஒருவன்தான். அவன் அதைச் சொல்லியும் விட்டான். வீட்டில் யாருக்கும் அது காதில் ஏறவில்லை. பயந்த பிள்ளை எதையோ உளறுகிறான் என்று அம்மா இன்னொரு தடவை நெற்றியில் சிலுவை போட்டாள்.

பெட்டி அலமாரியின்மேல் ஏறியது. இனி இந்த வீட்டில் அதைத் திறக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். மாமா காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார். அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வது நின்றது. "மாமாவுக்குச் சோறு வெய்யி," என்று என்னிடம் சொல்வாள். "போதும்னு சொல்லு," என்று அவர் என்னிடம் சொல்வார். பக்கத்துப் பக்கத்தில் நின்றுகொண்டு.

இப்போது ராஜாக்கள் விஷயம். நம் வீடுகளில் கிறிஸ்துமஸ் குடில் வைக்கும்போது, பிறந்த பாலனைக் காண வரும் மூன்று ராஜா பொம்மைகளை உடனே குடிலுக்குள் வைக்க மாட்டார்கள். அவர்கள் கிழக்கேயிருந்து வர வேண்டுமே! எங்கள் வீட்டில் குடில் கூடத்தின் உள்மூலையில் இருக்கும். காகிதப் பாறை, முளைவிட்ட கேழ்வரகு, வைக்கோல் எல்லாம் உண்டு. ராஜாக்கள் தெருக்கதவு ஓரத்தில் ஒட்டகத்தோடு கிளம்புவார்கள். தினமும் காலையில் ஜெபம் முடிந்ததும் அம்மா அவர்களை ஒரு சாண் நகர்த்தி வைப்பாள். சுவரோரமாகவே நடந்து, பீரோவைத் தாண்டி, அலமாரியைத் தாண்டி, ராஜாக்கள் திருநாள் அன்று குடிலுக்கு வந்து சேர்வார்கள். கூட்டுகிறவர்கள் துடைப்பத்தால் இடிக்காமல் சுற்றிப் போக வேண்டும். சிலர் வீட்டில் இந்த வழக்கம் கிடையாது. எங்கள் வீட்டில் மாறாமல் இருந்தது.

அந்த வருஷம் அலமாரிப் பக்கம் வந்ததும் ராஜாக்கள் மக்கர் பண்ணினார்கள். காலையில் அம்மா குடிலைப் பார்த்து வைத்துவிட்டுப் போவாள். மத்தியானம் பார்த்தால் மூன்று பேரும் கொஞ்சம் திரும்பியிருப்பார்கள். சாயங்காலத்துக்குள் ஒட்டகம் உட்பட எல்லோரும் அலமாரியைப் பார்த்து நிற்பார்கள். எலி என்றாள் அம்மா. அப்புறம் என்னைச் சந்தேகப்பட்டு முதுகில் ஒன்று வைத்தாள். என்னை நாள் முழுக்க அடுப்படியில் பக்கத்திலேயே உட்கார வைத்துப் பார்த்தாள். அன்றைக்கும் திரும்பினார்கள். தம்பியை யாரும் நினைக்கவே இல்லை. அவன்தான் சுருண்டு படுத்த பாயை விட்டு எழுவதே இல்லையே. அவன் பாய் அலமாரிக்குப் பக்கத்தில்தான் கிடந்தது என்பதும் யாருக்கும் தோன்றவில்லை.

எதிர்வீட்டு அத்தை வந்து பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஏ, இது சாதாரண விஷயமில்ல. அலமாரி மேல இன்னா இருக்குது பாரு," என்றாள்.

மேலே சாம்பல் நிறப் பெட்டி.

அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தாள். ராஜாக்கள் அடையாளம் காட்டுகிறார்கள். அந்தப் பிசாசு இந்த வீட்டில் இருக்கும்வரை அவர்கள் பாலனிடம் போக மாட்டார்கள், பிள்ளையும் தேற மாட்டான். விஷயம் தெருவில் பரவி நாலைந்து பேர் மெழுகுவத்தியோடு வந்துவிட்டார்கள். ஒட்டகத்துக்கு முன்னால்கூட ஒருத்தி மெழுகுவத்தி ஏற்றினாள். இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நானும் அதை நம்பினேன், மறைப்பானேன்.

திருநாளுக்கு முதல் நாள். மத்தியானம் மாமா கடற்கரையிலிருந்து திரும்பி வந்ததும், பல நாளுக்குப் பிறகு அம்மா அவரிடம் நேராகவே பேசினாள்.

"அண்ணே, அந்தப் பெட்டிய எங்கனா கொண்டு போயிடு. ஒன்ன கையெடுத்துக் கும்புடறேன்."

மாமா சுவரோரத்து ராஜாக்களைப் பார்த்தார், மெழுகுவத்திகளைப் பார்த்தார், பாயில் கிடந்த தம்பியைப் பார்த்தார். "மூலக்குளத்துல என் கூட இருந்த சொல்தா ஒருத்தன் இருக்கான். அவன் வூட்டுல வெச்சுக்கிறேன்," என்றார். பிறகு, "பெட்டியோட நானும் அங்கயே இருந்துக்கறேன்மா. புள்ள நல்லா ஆவட்டும்," என்றார்.

இரு என்று அம்மா சொல்லிவிட மாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்தேன். மாமா ரிக்‌ஷாவைக் கூப்பிட்டு நிறுத்தினார். அதைப் பார்த்து எதிர்வீட்டு அத்தையும் தெருக்காரர்களும் கதவில் கூடிவிட்டார்கள். ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரியின்மேலிருந்து பெட்டியை இறக்கிக் கீழே வைத்தார், பிடியை மாற்றிப் பிடிப்பதற்காக.

பத்து நாளாக எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடந்த பிள்ளை எப்படி எழுந்தான், எப்படி வந்தான் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எடுத்துட்டுப் போவாத மாமா! போவாத! இன்னும் ராஜா வந்து சேரல!"

"எந்த ராஜாடா?" அம்மா அவனைப் பிரித்து இழுக்கப் பார்த்தாள். "அவுங்க பாலனப் பாக்கப் போறவங்கடா. இங்க எதுக்கு வரணும்?"

"பாலனுக்குத்தான் ஒண்ணும் இல்லியே! நல்லாத்தான படுத்திருக்கான்!" தம்பி அழுதுகொண்டே கத்தினான். "இதுக்குத்தான அடிபட்டிருக்கு! மூணாவது ராஜா கையில மருந்து இருக்குதுன்னு நீதான சொன்ன. புண்ணுல பூசுற மருந்துன்னு நீதான சொன்ன!"

ராஜாக்கள் பாலனுக்குக் கொண்டுவரும் காணிக்கை மூன்று: பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம். போளம் என்றால் என்ன என்று குடில் ஜோடிக்கும்போது அவன் கேட்டிருக்கிறான், அம்மாவும் வேலை மும்முரத்தில் மருந்து என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கே அது மறந்துவிட்டது. அவன் அந்த மருந்தைத்தான் தன் உடும்பிடம் கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்த்திருக்கிறான். யாரும் பார்க்காதபோது பாயிலிருந்து கையை நீட்டி, நெல்லளவு நெல்லளவாக. அப்படி நகர்த்தினால்தான் உயிர் வரும் என்று மாமா சொல்லியிருந்தாரே. தூக்கிக் கொண்டுபோய் ஒரேயடியாக வைத்திருந்தால் அவர்கள் வெறும் மண் பொம்மைகளாகத்தான் இருந்திருப்பார்கள் அவனுக்கு.

எதிர்வீட்டு அத்தை வாயில் கை வைத்தபடி நின்றாள். வெளியே ரிக்‌ஷாக்காரர் மணியடித்தார். மாமா தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். பட்டாளத்தில் எத்தனையோ பார்த்தவர், அன்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அம்மா தம்பியைப் பிடித்திருந்த கையை விட்டாள். அப்படியே தரையில், பெட்டிக்கு எதிரே, காலை மடக்கி உட்கார்ந்தாள். எனக்குத் தெரிந்து அவள் பகல் நேரத்தில் அப்படிச் சும்மா உட்கார்ந்ததே இல்லை. பெட்டியைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எங்கடா அடி அதுக்கு?"

தம்பி அழுகையை நிறுத்திவிட்டு அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். கேலி செய்கிறாளோ என்று பார்த்தான். இல்லை என்று தெரிந்ததும் அவள் கையை இழுத்துத் தன் விலாவில் வைத்துக் காட்டினான். அங்கே எலும்புதான் தட்டுப்பட்டிருக்கும் அவளுக்கு.

"இங்க. ரெண்டு பக்கமும். மூச்சு வுட்டா வலிக்குது."

"ரொம்ப வலிக்குதா?"

"ம்."

"அது ஏதாச்சும் சாப்புட்டுச்சா?"

"அடிபட்டுக் கெடக்குது, எப்பிடிம்மா சாப்புடும்?" என்றான் தம்பி, இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்து, நெய் விட்டு, கிண்ணத்தோடு திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். பெட்டியின் கொக்கிகளைத் தானே விடுவித்து மூடியைத் திறந்தாள். ஓர் உருண்டை உருட்டினாள். தெருக்கதவில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்க, முதல் உருண்டையைப் பெட்டிக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தம்பி பெட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "போதும்மா, துன்னுடுச்சு," என்றான்.

அடுத்த உருண்டைக்கு அவன் வாயைத் திறந்தான்.